ஒன்றரை வருஷத்துக்கு நிறுத்திய வண்டி

உயர் நீதிமன்றத்திலும் தோற்றுவிட்டு வெளியே வந்த பீம்ராவ் முதலில் வாங்கியது ஒரு பை பாச்சை உருண்டை. கூட வந்த மைத்துனன் அசோகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜெயிலுக்குப் போகிறவர் வாங்குகிற சாமானா இது? பீம்ராவ் அடுத்த கடையில் புகையிலைக் காம்பு வாங்கினார், அதற்கடுத்த கடையில் ஒரு டின் கிரீஸ். பாரிமுனை நெரிசலில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்த பிறகுதான் பீம்ராவ் வாயைத் திறந்தார்.

"எலிதான்டா பெரிய பேஜாரு. ஒயரக் கடிச்சுதுன்னா வண்டி போச்சு."

தண்டனை ஒன்றரை வருஷம். சரணடைய அடுத்த வாரம் வரை அவகாசம். அந்த ஒரு வாரத்தை வேறு யாராக இருந்தாலும் கோயில், குளம், சொந்தபந்தம் என்று கழித்திருப்பார்கள். பீம்ராவுக்குக் கவலையெல்லாம் வண்டியைப் பற்றித்தான். அது துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர். பாதி வாழ்நாள் அடுத்தவன் வண்டியை ஓட்டி, மிச்சத்தில் கடன் வாங்கி, கடனையும் அடைத்து, ஒருவழியாக அவருக்கே அவருக்கென்று ஆன வண்டி. அதை ஒன்றரை வருஷம் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்போகிறேன் என்று அன்று மாலை வியாசர்பாடி எம்.கே.பி. நகர் வீட்டில் அவர் சொன்னபோது மனைவி அன்புக்கரசி சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நிறுத்தி வக்கிறியா? இன்னாத்துக்கு? அதான் என் தம்பி கீறான்ல. ஹெவி லைசென்சு எடுத்து ரெண்டு வருசமாச்சு. அவன் ஓட்டட்டும். நானும் எழிலும் சோத்துக்கு இன்னா பண்றது?"

"வேணா, அன்பு."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"வேணான்னா வுடேன்."

இதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்பது அவளுக்குத் தெரியும். மகள் எழில்மொழி நர்சிங் படிக்கிறாள். அன்புக்கரசி ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போகிறாள். அந்தச் சம்பளம் பஸ்ஸுக்கும் பாலுக்குமே சரியாகிவிடும். ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கச் சொல்கிறாரே இந்த மனுஷன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. யாருக்குத்தான் எரியாது? பீம்ராவ் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது. ஆனால் சொன்னால் அவள் தம்பியை இழப்பாள். இப்படித்தான் அவர் ஆறு வருஷமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் வண்டிகள் துறைமுகத்துக்குள் நுழைய க்யூவில் நிற்கும். காலையில் நின்றால் மாலை, மாலையில் நின்றால் மறுநாள், அதற்கும் மறுநாள். வண்டி நகர்வது ஒரு முழம், நிற்பது ஒரு யுகம். அந்த முழத்துக்கு முழம் யார் கண் விழித்திருப்பது? டிரைவர் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவார், கிளீனர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து முன்வண்டியின் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு வருவான். அந்த ரோட்டில் எல்லா வண்டியிலும் இதுதான் பழக்கம். சட்டப்படி தப்பு. ஆனால் சட்டம் ஒருநாளும் அந்த க்யூவில் வந்து நின்றதில்லை.

அன்று பீம்ராவ் பின்சீட்டில் படுத்திருந்தார். கிளீனராக வந்த அசோகன் கையில் ஸ்டியரிங். அவனிடம் இருந்தது ஆட்டோ ஓட்டுகிற லைசென்சு. உள்ளே ஒரு குவார்ட்டரும் போயிருந்தது. திடீரென்று முன்னால் க்யூ திறந்துகொண்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் கியரை மாற்றி வேகமெடுத்தான். இரண்டு வண்டிக்கு நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார் ராயபுரத்து நெல்சன். கப்பலில் சரக்கு இறக்கும் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். பீம்ராவ் விழித்தது பிரேக் சத்தத்தில்.

பக்கத்து வண்டிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அடிபட்டவரைப் பார்த்த வயசான டிரைவர் ஒருவர் பீம்ராவின் காதோரம் சொன்னதுகூட அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். "நீ ஓட்டுனேன்னு சொல்லு. லைசென்சு இல்லாதவன் ஓட்டுனான்னா இன்சூரன்சு கைய விரிச்சுடுவான், செத்தவன் வூட்டுக்கு ஒன்னும் கெடைக்காது. போலீசு ஒன்னையும் வுட மாட்டான். ஃபைன் கட்டுனா முடிஞ்சிடும், நைனா." நெல்சனின் மனைவி சிலுவையம்மாளுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. அந்தவரைக்கும் அந்தப் பொய் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆனால் ஃபைனோடு முடியவில்லை. கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு, அதற்கும் மேல்கோர்ட்டு என்று ஏறி ஏறி ஒவ்வொரு படியிலும் பீம்ராவ் குற்றவாளியாகவே இறங்கினார். பேரைக் கூப்பிடும்போதெல்லாம் யாராவது ஒருவர், "மராட்டிக்காரரா?" என்று கேட்பார். "வியாசர்பாடி சார்" என்பார் அவர். வழக்கு முடியும்வரை அவர் வாயிலிருந்து வந்த முழு உண்மை அது ஒன்றுதான்.

வண்டியை நிறுத்த இடம் கொடுத்தவர் தமீம் பாய். சடையங்குப்பத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், பீம்ராவின் பழைய தோஸ்து. மழை வந்தால் அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீரில் நிற்கும் என்பதால் கடைக்குப் பின்னால் கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கி வைத்திருந்தார். மேட்டின் மேல் வண்டியை ஏற்றி, பீம்ராவ் தானே இறங்கி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று தமீமிடம் கேட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்து நிறுத்தினார்.

"கல்யாணப் பொண்ண உக்கார வக்கிற மாதிரி பண்றியே மாமு. வண்டிதானே!" என்றார் தமீம்.

வேலை காலையில் ஆரம்பித்தது. அசோகனும் வந்திருந்தான். வண்டியை முழுசாகக் கழுவினார்கள். கடல் காற்றில் வருகிற உப்பும் மணலி பக்கத்துப் புகைக்கரியும் தகட்டில் ஒட்டியிருந்தால், நிற்கிற வண்டியைத் துரு உட்கார்ந்து தின்னும். டீசல் டாங்கியை வாய்வரைக்கும் நிரப்பினார்கள். டாங்கியில் காலி இடம் விட்டால் உள்ளே வேர்த்துத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்குக் கீழே பழைய ரயில் கட்டைகளை அடுக்கினார்கள், டயர் மேல் பாரம் விழாமல். சக்கரங்களுக்குக் கோணி சுற்றினார்கள். பிரேக் இறுகிக்கொண்டு நின்றால் மாசக்கணக்கில் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும் என்று பீம்ராவ் வண்டிக்கடியில் படுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தளர்த்தி விட்டார். புகைக்குழாய் வாயைத் துணியால் அடைத்து மேலே ஒரு பால் டப்பாவைக் கவிழ்த்தார். கேபினுக்குள் பாச்சை உருண்டை, இன்ஜின் பக்கம் புகையிலைக் காம்பு. கேபினில் ஒட்டியிருந்த புத்தர் படத்தைத் துடைத்தார், எடுக்கவில்லை.

அசோகன் கிரீஸ் அடித்துக்கொண்டே கேட்டான். "மாமா, நா வேணா போயி உண்மைய சொல்லிடட்டுமா?"

இந்தக் கேள்வியை அவன் வழக்குத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். பதில் தெரிந்த தைரியத்தில் கேட்கிற கேள்வி. பீம்ராவ் எப்போதும்போல, "இப்ப சொன்னா ரெண்டு பேரும் உள்ள போவோம். அந்த அம்மாவுக்குக் குடுத்ததத் திருப்பிக் கேப்பான். கம்முனு வேலயப் பாரு" என்றார். அசோகன் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்காமலிருக்க அவர் வண்டியின் அந்தப் பக்கம் போனார்.

கெட்டவன் அல்ல அசோகன். அதுதான் தொந்தரவே. கெட்டவன் என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடலாம். அக்காளுக்கு ஜுரம் என்றால் விடிய விடிய ஆஸ்பத்திரி வாசலில் உட்காருவான். எழில்மொழி படிக்கிற காலேஜுக்கு அவள் மறந்த சாப்பாட்டை வெயிலில் சைக்கிள் மிதித்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். சாயங்காலம் ஆனால் கடையைத் தேடிப் போவான். நெல்சன் செத்த பிறகு ஒரு மாசம் குடிக்கவில்லை. பிறகு நெல்சனை மறப்பதற்காகக் குடித்தான்.

மத்தியானம் டீ குடிக்க அவன் ரோட்டுப் பக்கம் போனதும் தமீம் மெல்ல வந்தார். மனைவிக்கும் பீம்ராவுக்கும் நடந்த சண்டை அவர் காதுக்கு வந்திருந்தது. காரணம் அவருக்கும் தெரியாது. தெரியாமலே சரியான யோசனையைச் சொன்னார்.

"வேற எவனும் எடுக்கக் கூடாதுன்னா, டீசல் பைப்பு ஒன்ன கழட்டி எடுத்துகினு போயிடு மாமு. மண்டைய ஒடச்சிகினாலும் ஸ்டார்ட் ஆவாது."

பீம்ராவ் ஸ்பேனரை எடுத்தார். கேபினைச் சாய்த்து, பைப்பின் மரையில் வைத்தார். ஒரு திருகு. அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஓட்டையைத் திறந்து வைத்தால் ஒன்றரை வருஷத்து உப்புக் காற்றும் புழுதியும் உள்ளே போகும். பம்ப் செத்துப்போகும். துணி வைத்து அடைக்கலாம், ஆனால் துணி ஈரத்தை வாங்கும். கையில் ஸ்பேனரோடு அவர் நின்றுகொண்டே இருந்தார். வண்டியைக் காப்பாற்றத்தானே இவ்வளவும் செய்தது? தன் கையாலேயே நோகடிக்க மனசு வரவில்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டார். ஆளைத் தெரிந்து வைத்திருக்கிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் முட்டாள்தனம் பண்ணினார். பைப்பு போனால் புதுசு வாங்கலாம்.

அதற்குப் பதிலாக பாட்டரி இரண்டையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். வண்டி மேல் தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, சாவியை தமீம் கையில் கொடுத்தார். "அசோகன் கேட்டா குடுக்காத, பாய்."

"அல்லா மேல சத்தியமா குடுக்க மாட்டேன்."

சரணடைந்த அன்று கோர்ட்டு வாசலுக்கு அசோகன் வந்தான், எழில்மொழி வந்தாள். அன்புக்கரசி வேலைக்குப் போய்விட்டாள். போலீஸ் வண்டி கிளம்பும்போது அசோகன் கேவிக் கேவி அழுதான். பார்த்தவர்கள், மைத்துனன் என்றால் இவனல்லவா மைத்துனன் என்று நினைத்திருப்பார்கள்.

புழல் சிறையில் பீம்ராவுக்கு சமையல் கட்டில் வேலை கொடுத்தார்கள். அன்புக்கரசி எப்போதாவது மனு போட்டுப் பார்க்க வருவாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, போனைக் காதில் வைத்து, எழிலின் படிப்பைச் சொல்வாள், உடம்பைக் கேட்பாள், போய்விடுவாள். வண்டிப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது பீம்ராவ் மனசுக்குள் ஒருமுறை வண்டியைச் சுற்றி வருவார். மழை பெய்தால் சடையங்குப்பத்து மேட்டை நினைப்பார். சத்தியமாகச் சொல்லலாம், மனைவியைவிட வண்டியைத்தான் அதிகம் நினைத்தார். மனைவியை நினைத்தால் குற்ற உணர்ச்சி வந்தது, வண்டியை நினைத்தால் வரவில்லை.

மழையெல்லாம் விட்டு, வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் அவள் வந்தாள். இளைத்திருந்தாள். முகம் கறுத்திருந்தது. ஆனால் போனை எடுத்ததும் குரல் பழைய குரலாக இருந்தது, சண்டைக்கு முன்னால் இருந்த குரல்.

"வண்டி ஓடுது" என்றாள்.

பீம்ராவ் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி நின்றார்.

"கம்பெனிய மூடிட்டாங்கயா. வேற வேல கெடைக்கல. எழிலுக்கு ஃபீசு கட்டலன்னு வெளிய நிக்க வச்சாங்க. நான் தமீம் பாய்கிட்ட போயி நின்னன். தம்பிக்குத்தான் குடுக்கக் கூடாதுன்னு சொன்ன, பொண்டாட்டிக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லலியே. குடுத்துட்டாரு. கட்டையெல்லாம் எடுத்து எறக்கி, பாட்டரிக்கு சார்ஜ் போட்டு மாட்டி, ஒரே செல்ஃபுதான்யா! அப்டியே புடிச்சிகிச்சி. ஒரு எலி இல்ல, ஒரு துரு இல்ல. இத்தினி மாசம் நின்ன வண்டியான்னு மெக்கானிக்கே வாயப் பொளந்தாரு."

அவர் செய்த வேலைக்கு யாரும் அதைவிட நல்ல பட்டம் கொடுத்ததில்லை.

"யாரு ஓட்றது?"

"யாரு ஓட்டுவாங்க? என் தம்பிதான்."

"குடிக்கிறானா?"

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் பீம்ராவ் ஆறேழு வருஷமாக இறுக்கி வைத்திருந்ததை விட்டார். பக்கத்துக் கண்ணாடிகளில் நின்றவர்கள் கேட்டாலும் கேட்கட்டும் என்று விட்டார்.

"அன்பு, நல்லா கேட்டுக்க. அன்னிக்கி ஓட்டுனது நான் இல்ல. அவன்தான். குடிச்சிட்டு ஓட்டுனான். நெல்சன அடிச்சது அவன்தான். அதாலதான் நான் வண்டிய…"

"தெரியும்" என்றாள் அன்புக்கரசி.

அவர் போனைக் காதில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியும். நீ ஸ்டேசன்ல உக்காந்துகினு இருந்தப்போ அவன் வூட்டுக்கு வந்து என் காலப் புடிச்சிகினு அழுதான். எல்லாத்தயும் சொன்னான். நான்தான் யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னன். ஆத்தா அப்பன் இல்லாத புள்ள, நான் தூக்கி வளத்த புள்ளய்யா. அவன் உள்ள போனா செத்துடுவான். நீ தாங்குவ."

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். தம்பிக்குப் பதிலாக அவள் அவரைக் கொடுத்திருந்தாள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் அதே ரகசியத்தைக் காவல் காத்திருக்கிறார்கள். வண்டியை ஏன் நிறுத்துகிறாய் என்று சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாளே, அப்போதும் அவளுக்குத் தெரியும். பீம்ராவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் வெளியே விட்டார்.

"எல்லாம் தெரிஞ்சுமாடி அவன்கிட்ட சாவியக் குடுத்த?"

"நீயும் தெரிஞ்சுதானே அன்னிக்கி ஸ்டியரிங்கக் குடுத்துட்டுப் படுத்த?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். கோர்ட்டில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அன்று பின்சீட்டில் ஏறும்போது அசோகன் வாயிலிருந்து வாடை அடித்தது. நன்றாகவே அடித்தது. இரண்டு ராத்திரி தூங்காத கண். க்யூ எங்கே நகரப் போகிறது என்று கேபின் தகட்டுப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒன்றரை வருஷத்தை அடுத்தவனுக்காக அனுபவிப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தனியா வுடல" என்றாள் அவள், கொஞ்சம் இறங்கி. "நான் கூடப் போறேன். கிளீனரா. என் சேலைய முடிஞ்சிகினு ஏறி உக்காந்துடுவேன். பகல்ல அவன் பக்கத்துலயே கீறேன். ராத்திரி க்யூல நின்னா அவன் மூஞ்சியப் பாத்துகினே உக்காந்துகினு இருப்பேன். எறங்க வுட மாட்டேன். எறங்குனா பாட்டிலோடதான் வருவான். எழில் அக்கம்பக்கத்துல சாப்டுக்குது. ரெண்டு நாளு, மூணு நாளு கூட ஆவுது. எல்லா டிரைவரும் சிரிக்கிறானுங்க. சிரிச்சிட்டுப் போறானுங்க."

அப்போதுதான் அவர் அவள் கண்களைச் சரியாகப் பார்த்தார். இரண்டும் சிவந்து, கீழே குழி விழுந்து, அந்த ரோட்டில் நிற்கிற டிரைவர்களின் கண் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே இமை ஒருமுறை மூடி, அவள் உலுக்கிக்கொண்டு திறந்தாள்.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் பின்னாலிருந்து தட்டினார். வண்டியை நிறுத்து என்று சொல்லலாமா என்று பீம்ராவ் நினைத்தார். நிறுத்தினால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்? போலீசில் சொல்லு என்று சொல்லலாமா? அவள் சொல்ல மாட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. போன் கட்டாவதற்குள் அதைச் சொல்லிவிட அவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினார்.

"தூங்கிடாத அன்பு. இன்னா ஆனாலும் நீ தூங்கிடாத."